காற்றில்லாத மண்டபம்

டென்மார்க்கில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையான பதவி கதவுக்காரன். எங்கள் ஆட்கள் கூடிப் பழங்கதை பேசும்போது, இந்த நாட்டுக்கு வந்து பஸ் ஓட்டினோம், தாதியானோம், தொழிற்சாலையில் மேற்பார்வையாளரானோம் என்று ஆளாளுக்கு அடுக்குவார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஒடென்சேயில் ஒரு விளையாட்டு மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஆண்டுக்கொரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு கிழமை மட்டும், சர்வதேசப் பட்மின்டன் போட்டி நடக்கிற இடத்தில் கிழக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினேன். அதற்குச் சம்பளம் கிடையாது. இறைச்சி உருண்டையும் அவித்த உருளைக்கிழங்கும், விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை கோப்பியும் கிடைக்கும்.

கதவுக்கு ஏன் ஓர் ஆள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பட்மின்டன் பந்துக்கு நிறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தக்கை, அதைச் சுற்றி வாத்து இறகு, அவ்வளவுதான். எங்கிருந்தாவது ஒரு மெல்லிய காற்று வந்தால் போதும், கோட்டுக்குள் விழ வேண்டியது கோட்டுக்கு வெளியே விழும். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவன் அதில் தோற்றுப்போவான். ஆகவே போட்டி நடக்கும்போது காற்றோட்ட யந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். சனம் ஒக்டோபர் மாதத்தில் வியர்த்து வழிந்துகொண்டு இருக்கும். பார்வையாளர்கள் வருகிற முன்வாசலுக்கு இரட்டைக் கதவு. கிழக்குக் கதவோ நேரே வெளியே திறப்பது. சமையல்காரர்களும் தொண்டர்களும் அதால்தான் போய்வருவார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அந்தக் கதவு திறக்கக் கூடாது. யார் வந்து நின்றாலும், பந்து விழுந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் மண்டபத்தின் பொறுப்பாளர். நெட்டையான மனிதர், குளிர்காலத்திலும் சிவந்த கழுத்து. அவருடைய கட்சி என்னவென்று யாருக்கும் தெரியாது, கோயிலுக்குப் போவாரா என்றும் தெரியாது, பட்மின்டன் மட்டும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டே என்னைத் தொண்டர் பட்டியலில் சேர்த்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ பொறுமையான ஆள், உனக்குக் கதவு சரி" என்றார். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அந்த மனிதர் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

போட்டி அந்த நாட்களில் ஒரே ஊரில் நடப்பதென்று இல்லை. எங்கே நடந்தாலும் எங்கள் கழகத்து மினிபஸ் போகும். எந்த ஊர் மண்டபமானாலும் நேரே வெளியே திறக்கிற கதவு எனக்குத்தான், அதற்குக் கிழக்குக் கதவு என்றே பெயர். பச்சை விரிப்புகளை இருவருமாக உருட்டி விரிக்கும்போது அவர் போட்டியின் வரலாற்றைச் சொல்வார். நான் கேட்டேனா என்பது அவருக்கு முக்கியமில்லை. பெரிய யுத்தத்துக்கு முந்தியே தொடங்கிய போட்டி. ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் நின்றுபோனது. பிறகு மீண்டும் உயிர்பெற்றது. முதலில் ஆங்கிலேயர் வந்து வென்றார்கள், பிறகு டேனிஷ்காரர் தாங்களே வென்றார்கள், பிறகு மலேசியர், இந்தோனேசியர், இப்போது சீனரும் கொரியரும் வந்து வாரிக்கொண்டு போகிறார்கள். "யுத்தம் முடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்தார்கள்" என்று அவர் சொல்வார். அந்த வசனத்தை மட்டும் நான் கவனமாகக் கேட்டேன்.

எனக்கு பட்மின்டன் விளையாடத் தெரியாது. விளையாடினது என் மனைவி. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அணித் தலைவி. அங்கே மண்டபமும் இல்லை, மின்விளக்கும் இல்லை. வெட்டவெளியில், கடற்காற்று எழும்புவதற்கு முந்திய விடியல் நேரத்தில் விளையாடுவார்கள். காற்று எழும்பினால் மதர் மணியை அடித்து ஆட்டத்தை நிறுத்திவிடுவாவாம். கலியாணம் முடித்த பிறகும் அவள் விடவில்லை. பழைய மீன்பிடி வலையை இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி, என்னைப் பிடித்து எதிர்ப்பக்கம் நிறுத்துவாள். நான் பந்தை அடிப்பேன், அது ஏதாவது ஒரு பக்கம் போகும். "காத்தைப் பாத்து அடியுங்கோ" என்பாள். காற்றைப் பார்ப்பது எப்படி என்று நான் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நான் நாட்டை விட்டு வந்தபோது எங்கள் மகள் இடுப்பில் இருக்கும் வயதைத் தாண்டி ஓடத் தொடங்கியிருந்தாள். ஆமி பிடித்துக்கொண்டு போகும் என்ற பயத்தில் என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள். மனைவியும் மகளும் பின்னால் வருவதென்று ஏற்பாடு. இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவது சட்டப்படி உரிமை. அதற்கு டேனிஷில் பமிலியசமன்பூரிங் என்று ஒரு பெயர். மொழி வகுப்பில் 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லப் பழகுவதற்கு முன்பே நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லைச் சுத்தமாகச் சொல்லப் பழகிவிட்டோம். எனக்கு வாய்த்த சட்டத்தரணி ஒரு பெண், நல்லவர். "இது உங்கள் உரிமை. சில மாதங்களில் வந்துவிடுவார்கள்" என்றார். நான் அன்றைக்கே கடைக்குப் போய் மகளுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கி வைத்தேன். அது அவள் காலுக்குச் சிறிதாகிப் போய், பிறகு ஓர் ஈழத்துக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் ஊருடன் தொலைபேசியில் கதைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் கசெட்டில் பேசி அனுப்புவோம். கொழும்புக்கு யாராவது போனால் கொடுத்துவிடுவோம், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் கொண்டுபோவார். கசெட்டில் தனியாக உட்கார்ந்து கதைப்பது போன்ற மானக்கேடு உலகத்தில் வேறில்லை. அறைத்தோழன், மன்னார்ப் பொடியன், எனக்கு இளையவன், அடுத்த கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நித்திரை போல நடிப்பான். நான் சுவரைப் பார்த்து மனைவியுடன் கதைப்பேன். முதலாவது போட்டி முடிந்த கையோடு மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு வேறு என்ன சொல்வது? என் சமையலைப் பற்றியா? நாலு பக்கமும் பூட்டிய மண்டபம், உள்ளே காற்று என்ற பேச்சே இல்லை, அடித்த பந்து அடித்த இடத்துக்குப் போகிறது, நீ வந்து பார்க்கவேண்டும் என்று சொன்னேன்.

மாதக்கணக்கில் கழித்து அவளுடைய கசெட் வந்தது.

"இஞ்சாருங்கோ, சும்மா புளுகாதேங்கோ" என்று தொடங்கினாள். "காத்தில்லாத இடம் எண்டு ஒண்டு உலகத்திலை இருக்கோ? யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டு மெழுகுதிரியைக் கொளுத்தினாலும் சுடர் ஆடுது. அவ்வளவு சனம் இருந்து மூச்சு விட்டால் அது காத்தில்லாமல் வேறை என்ன? உங்களுக்குக் காத்தைப் பாக்கத் தெரியாது. நான் வந்து பாத்துச் சொல்லுறன்."

அறைத்தோழன் போர்வைக்குள் சிரித்தான். நித்திரை வேடம் அன்றோடு கலைந்தது. "அண்ணை, அக்கா சொல்லுறது சரி. நீங்கள் கதவடியிலை நிக்கிற ஆள், உங்களுக்கென்ன தெரியும்" என்றான்.

பெரிய போட்டிகளில் பந்தை வாழைப்பழத்தோல் மாதிரி வீசுவார்கள். இரண்டு அடி பலமாக அடித்து ஓர் இறகு நுனி சிலும்பினால் போதும், விளையாட்டுக்காரன் கையை உயர்த்துவான், நடுவர் புதிதைக் கொடுப்பார். பழையது பெட்டிக்குள் போகும், பெட்டி குப்பைக்குப் போகும். எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் என் மனைவி ஒரு பந்தை மாதக்கணக்கில் வைத்து, இறகு கழன்றால் நூலால் கட்டி விளையாடியதைக் கண்டவன் நான். பொறுப்பாளரிடம் கேட்டேன். "எடுத்துக்கொள்" என்றார். ஒரு பெரிய பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். சிலும்பின இறகை ஆவியில் காட்டினால் நிமிரும் என்று அவர்தான் சொன்னார். என்னிடம் ஆவிக்கு என்ன பஞ்சம்? புட்டு அவிக்கிற பானை இருந்தது. பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து ஆவி காட்டி, மேசையில் வரிசையாகக் காயவைத்தேன். வேலை முடிந்து வந்த அறைத்தோழன் பானைக்குள் மூக்கை விட்டான்.

"அண்ணை, இண்டைக்குப் புட்டோ, வாத்தோ?"

ஒரு கிழமைக்கு எங்கள் புட்டு வாத்து மணந்தது. அவன் அதை இக்காஸ்ட் ஊரில் இருக்கிற தன் மச்சான்வரைக்கும் பரப்பிவிட்டான்.

நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, பந்து வருகிற நீளக் குழாய்களில் அடுக்கி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவை போய்ச் சேர்ந்தது எனக்கே அதிசயம். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் குழாயைக் கவிழ்த்து, ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தட்டிப்பார்த்து, சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். இதையெல்லாம் அடுத்த கசெட்டில் சொன்ன என் மனைவி, நன்றி சொல்வாள் என்று நான் காத்திருந்த இடத்தில் சண்டை பிடித்தாள்.

"என்ன பந்து அனுப்பியிருக்கிறியள்? ஒண்டும் கோட்டுக்குள்ளை விழுதில்லை. மெல்லத் தட்டினாலும் வேலிக்கு அங்காலை போகுது. அங்காலை இப்ப ஆமிக் காம்ப். போய் எடுக்கேலாது. பிள்ளை அழுகிறாள்."

பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழாயின் மூடியைத் திருப்பி அதிலிருந்த எண்ணைக் காட்டினார். குளிர்ந்த காற்று தடிப்பானது, பந்தைப் பிடித்து நிறுத்தும், ஆகவே இங்கே வேகமாகப் போகிற பந்து வேண்டும். அதையே வெப்பமான நாட்டில் அடித்தால் நிற்காமல் போகும். "குளிர்காலத்துப் பந்தைக் கோடைகாலத்துக்கு அனுப்பியிருக்கிறாய்" என்றார். இறகு நுனிகளை உள்பக்கம் மடக்கிவிட்டால் வேகம் குறையும் என்று வழியும் சொன்னார். அதைக் கசெட்டில் சொல்லியனுப்பினேன். அவள் கேட்கவில்லை. இவ்வளவு வடிவான இறகை முறிக்க மனம் வரவில்லையாம். அதற்குப் பதிலாக மகளுக்கு மெல்ல அடிக்கப் பழக்கினாள். பிறகு வந்த கசெட்டுகளில் பின்னணியில் அது கேட்கும். டொக், டொக் என்று பந்தின் சத்தம், நடுவில் என் மனைவியின் குரல்: "மெல்ல. மெல்ல, குஞ்சு. இன்னும் மெல்ல."

ஒவ்வொரு ஆண்டும் போட்டி வந்தது. வரும் போட்டிக்கு நீ இங்கே இருப்பாய் என்று ஒவ்வொரு ஆண்டும் நான் கசெட்டில் சொன்னேன். அதைச் சொன்னது நானில்லை, சட்டத்தரணி. அவருக்கு அமைச்சு சொன்னது. அமைச்சுக்கு யார் சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து பட்மின்டனில், பந்தைப் போட்டுத் தொடங்குகிறவனுக்குத்தான் புள்ளி. எதிராளி எத்தனை பந்தை வென்றாலும் தொடங்கும் உரிமை மட்டுமே கைமாறும், எண்ணிக்கை இருந்த இடத்தில் இருக்கும். சில ஆட்டங்களில் இரண்டு பேரும் தரையில் விழுந்து எழும்பி, நனைந்து, மூச்சு வாங்கி நிற்பார்கள், பலகையில் இலக்கம் அசைந்திருக்காது. சட்டத்தரணி தொலைபேசியில் "நல்ல முன்னேற்றம்" என்று சொல்லும்போதெல்லாம் நான் அந்தப் பலகையைத்தான் நினைத்தேன்.

அவளுடைய தங்கை குடும்பம் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனபோது இவளையும் கூப்பிட்டார்கள். இவள் போகவில்லை. "விசா வரேக்கை நான் இந்த விலாசத்திலை நிக்கவேணும். இஞ்சை இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டால்?" என்று கசெட்டில் சொன்னாள். எங்கள் சனத்தில் எத்தனையோ பெண்கள் இப்படி விலாசத்துக்குக் காவல் இருந்தார்கள். வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தாலும் விலாசம் மாறக் கூடாது.

யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்ட அந்தக் கோடையில் கசெட் வருவதும் நின்றது. பிறகு கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மண்டபத்துத் தொலைபேசிக்கு வந்தது, ஏனென்றால் நான் கொடுத்த இலக்கம் அதுதான். நான் கையில் துடைப்பத்தோடு நின்று கேட்டேன். என் மனைவிக்கு வயிற்றுக்குத்து என்று தொடங்கியதாம். குடல்வால். வீதி பூட்டியிருந்தது, வெளியே தலைகாட்ட முடியாத ஷெல்லடி. வீதி திறந்தபோது அவள் இல்லை. டென்மார்க்கில் குடல்வால் வெட்டினவர்கள் மறுகிழமை சைக்கிள் ஓடுகிறார்கள். எங்கள் மண்டபத்தில் ஒரு பெண் வெட்டின தழும்பைக் காட்டி என்னிடம் பகிடி விட்டிருக்கிறாள். குண்டு விழுந்து செத்தாள் என்றால் யுத்தத்தைத் திட்டலாம். இது ஒரு விரல் அளவு குடலுக்காக. நான் அந்த மண்டபத்தின் நடுவில் குந்தி இருந்து சத்தம் போட்டு அழுதேன். பொறுப்பாளர் வந்து பக்கத்தில் அதேபோல் குந்தி இருந்தார். நெட்டையான மனிதர், அவருக்கு அப்படிக் குந்தத் தெரியாது, ஒரு கையை நிலத்தில் ஊன்றிக்கொண்டிருந்தார். நான் எழும்பும்வரை அவரும் எழும்பவில்லை.

அவளுடைய கடைசிக் கசெட் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. நான் அதை உடனே போடவில்லை. போட்டுவிட்டால் பிறகு அவள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அறைத்தோழன் ஒருநாள், "அண்ணை, நான் வெளியிலை போறன், நீங்கள் கேளுங்கோ" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறாள், மீன் கிடைப்பதில்லை, மாமரம் பூத்திருக்கிறது. "போட்டிக்கு நாங்கள் வந்திடுவம் போலை" என்றாள். "நான் வந்து இறங்கின உடனை முதல் அந்த மண்டபத்தைத்தான் காட்டவேணும். காத்து எதாலை வருதெண்டு நான் கண்டுபிடிச்சுக் காட்டுறன்." பதியும்போது பற்றரி இறங்கிக்கொண்டு போயிருக்கிறது. அப்படி இறங்கினால் திரும்பப் போடும்போது குரல் வேகமாகவும் மெல்லிசாகவும் கேட்கும். கடைசியில் அவள் ஒரு சின்னப் பிள்ளை போலக் கதைத்தாள். என் மனைவியை நான் அந்த வயதில் கண்டதில்லை. 'சரி, வைக்கிறன்' என்று அந்தச் சின்னப் பிள்ளை சொன்னது.

அனுமதி வந்தது. அவளை அடக்கம் செய்து சில மாதங்களில் வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது. சட்டத்தரணி அதை என் கையில் தந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இதற்குப் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையை அதில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நீதிபதியை வைத்து விசாரித்தார்கள். எங்களுடைய விண்ணப்பங்கள் தாமதமாகவில்லை, நீதி அமைச்சரின் சொல்லின்படி கிடப்பில் போடப்பட்டன என்று வெளிவந்தது. 'தமிழர் வழக்கு' என்று தினமும் தொலைக்காட்சியில் ஓடியது. ஒரு குளிர்கால நாளில் அரசாங்கமே விழுந்தது. எங்கள் ஆட்கள் ஆடு அடித்துக் கறி காய்ச்சினார்கள். மண்டபத்துக்கு வந்த டேனிஷ்காரர் எனக்குக் கை தந்து, "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்றார்கள். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு, உடைமாற்றும் அறையின் நீர்க்குழாயில் அடைத்திருந்த மயிரை எடுக்கப் போனேன்.

மகள் அதற்கு முந்தியே வந்துவிட்டாள். இந்தியாவுக்குப் போன சித்தி திரும்பி வந்து, கொழும்புவரை கூட்டிவந்து, விமானம் ஏற்றிவிட்டாள். விமான நிலையத்தில் ஒரு பணிப்பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மகள் என் இடுப்புக்கு மேலே வளர்ந்திருந்தாள். தாயின் நெற்றி. கையில் ஒரு பட்மின்டன் மட்டை, நரம்பு இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "வணக்கம்" என்றாள். சித்தி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் வாங்கி வைத்திருந்த சப்பாத்து அந்த முறையும் சிறிதாகவே போனது.

அப்பா என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஏதாவது தேவையென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், நான் பார்க்கும்வரை நிற்பாள். மாலையில் கழகத்துப் பிள்ளைகளோடு விளையாட மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். மட்டையைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே பொறுப்பாளரின் முகம் மலர்ந்தது. ஆனால் அவள் அடித்த ஒரு பந்துகூட வலையைத் தாண்டவில்லை. நிலை சரி, கை சரி, கால் சரி. பந்து மட்டும் வலைக்கு முன்னால் செத்து விழுந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பலமாய் அடி பிள்ளை" என்றேன்.

"மெல்லத்தான் அடிக்கவேணும். இல்லாட்டி அங்காலை போயிடும்."

"இஞ்சை அங்காலை ஒண்டுமில்லை. சுவர்தான்."

அவள் தலையை ஆட்டினாள். அடுத்ததையும் மெல்லத்தான் அடித்தாள். பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு யார் இப்படிப் பழக்கினது, ஏன் இவ்வளவு அடக்குகிறாள் என்று கேட்டார். நான் அவர் எனக்குக் காட்டிய குழாய் மூடியை நினைவுபடுத்தினேன்.

அந்த ஆண்டுப் போட்டி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு இலையுதிர்கால விடுமுறை. முதல் நாட்கள் மகள் அறைத்தோழனின் வீட்டில் இருந்தாள். அவனுக்கு அதற்குள் கலியாணம் முடிந்து, பக்கத்துக் கட்டடத்தில் வீடும் கிடைத்திருந்தது. மண்டபத்துக்கு வருவதென்றால் எப்படி என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். கிழக்குக் கதவுக்கு வரவேண்டும், கதவிலிருக்கிற கண்ணாடிக்குள்ளால் பார்க்கவேண்டும், பந்து ஆட்டத்தில் இருந்தால் பொறுக்கவேண்டும், அது விழுந்ததும் நான் திறப்பேன்.

பெண்கள் ஒற்றையர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சீனப் பெண் ஒருத்தியும் டேனிஷ் பெண் ஒருத்தியும். மண்டபம் முழுதும் டேனிஷ் பெண்ணோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீண்டுகொண்டே போன ஆட்டம், பந்து விழுவதாக இல்லை. மூலைக்கு மூலை ஓடி இருவரும் எடுத்தார்கள். நான் எதற்கோ திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் நின்றாள். அறைத்தோழன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டும். வெளியே மழை சரிந்து அடித்தது. தொப்பி பின்னால் விழுந்து, தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. அவள் கதவைத் தட்டவில்லை. கையைக் காட்டவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி, கண்ணாடிக்குள்ளால் பந்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்து நின்றாள். முகத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை. காத்திருப்பதென்றால் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, இது ஒன்று முடியட்டும். எத்தனை பேர் எத்தனை முறை எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு அதை இந்தப் பிள்ளைக்குச் சொல்கிற ஆளாக நானே கதவடியில் நிற்கிறேன். பந்து இன்னும் மேலேதான் இருந்தது. நான் கதவைத் திறந்தேன்.

காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. சுவரில் ஒட்டியிருந்த காகிதங்கள் படபடத்தன. மேலே நின்ற பந்து ஒரு கணம் தயங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. சனம் ஓவென்றது. இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் உயரக் கதிரையில் இருந்து கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, அந்தப் பந்து செல்லாது, திரும்ப ஆடுங்கள் என்றார். பட்மின்டனில் அப்படி ஒரு விதி இருக்கிறது.

மகள் என் கைக்குக் கீழால் நுழைந்து உள்ளே வந்தாள். அவள் விளையாட்டுக்காரிகளைப் பார்க்கவில்லை, விளக்குகளைப் பார்க்கவில்லை. பந்து விழுந்த இடத்தையும், அது போன வழியையும், படபடத்துக்கொண்டிருந்த காகிதங்களையும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தென்னைகளுக்கு நடுவே நின்று காற்றைப் பார்க்கிற பார்வை.

"அப்பா" என்றாள். முதல் முறையாக. "காத்து இருக்குது. அம்மா சொன்னவாதானே."

"ஓம் பிள்ளை" என்றேன். "அம்மா சொன்னதுதான் சரி."

அந்தக் கோடியில் இருந்து பொறுப்பாளர் கதவு, கதவு என்று இரண்டு கையாலும் காட்டினார். மழை என் சப்பாத்துவரைக்கும் வந்துவிட்டது. மகளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கதவை மூட எனக்குக் கை வரவில்லை. அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி, அப்படியே நின்றேன்.